இடைவேளைக்கு முன்னால் எழுந்தவர்

எங்கள் வீட்டில் 'அவர்' என்றால் அது நான் இல்லை. நான் 'என்னங்க'. கோபம் வந்தால் 'இதோ பாருங்க'. 'அவர்' என்கிற சொல்லை என் மனைவி தன் முதல் கணவருக்கு என்றைக்கோ பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாள். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் வந்து நாலு வருஷம். "அவர் இருந்தா இந்தக் குழாயை அப்பவே சரி பண்ணியிருப்பார்" என்பாள். குழாய்க்கு அடியில் ஸ்பானரோடு மல்லாந்து கிடக்கிற எனக்கு எப்படி இருக்கும்?

அவளுடைய மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். பிரியமாகத்தான் கூப்பிடுவாள். ஆனாலும் அப்பா என்கிற நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் பல்செட் செய்கிறவன். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு கடந்து போனது. ஐம்பது தாண்டி ஒருநாள் கண்ணில் பிளாஸ்டர் தூசி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நர்ஸ் என் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "மேல பாருங்க, கீழ பாருங்க, இப்ப என்னைப் பாருங்க" என்றாள். முதல் இரண்டையும் சரியாகச் செய்தேன். மூன்றாவதை நிறுத்தவே முடியவில்லை. அப்படித்தான் கல்யாணம் ஆனது.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, ஒரு சினிமாவைத் தவிர.

முப்பது வருஷத்துக்கு முந்தைய படம். அதில் வரும் ஒரு பாட்டு ரேடியோவில் எப்போதாவது ஒலிக்கும். உடனே அவள் செய்கிற வேலையை நிறுத்திவிடுவாள். துவைத்த துணி கையில் சொட்டிக்கொண்டிருக்கும். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் வாய்த்ததில்லை. "கல்யாணமாகி ரெண்டாவது வாரம் அவரோட போனது. அப்படி ஒரு நாள்!" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானும் கேட்க மாட்டேன். அந்தப் படத்தை நானும் நாலு தடவை பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் நான் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்ற வீம்புதான்.

எனக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டரம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். "சின்ன வயசுல உயிரா நினைச்ச ஒரு படத்தை நேத்து மறுபடி பார்த்தேன். சகிக்கல. இதுக்கா அன்னிக்கு அவ்வளவு அழுதோம்னு வெட்கமாப் போச்சு."

என் மனசுக்குள் ஒரு பல்பு எரிந்தது. நல்ல வெளிச்சம் என்று சொல்ல முடியாது.

அன்று மத்தியானமே பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெழுகில் பல் பதிக்க வேண்டிய நேரத்தில் போனில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். டாக்டரம்மா வாக்கு பொய்க்கவில்லை. கதாநாயகி வக்கீல். நாயகன் அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகிறான், கோர்ட்டுக்குள் நுழைந்து ஃபைலைப் பிடுங்குகிறான். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோர்ட் படியில் ஊரே பார்க்க அவளைக் கன்னத்தில் அறைகிறான். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த நிமிஷம் பாட்டு. ரேடியோவில் வரும் அதே பாட்டு!

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இந்தக் கண்ணராவியை அவள் இன்னொரு தடவை பார்க்கட்டும். படம் சரிந்தால் கூடவே அவரும் ஒரு இஞ்சாவது சரிய மாட்டாரா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அந்தப் படம் டிவியில கிடைக்குதாம். பார்க்கலாமா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு அது?"

"நீ அவ்வளவு சொல்றியே."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகனின் பேன்ட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "ரெண்டு பேர் போடலாம் போல இருக்கே!" காமெடியன் ஒரு குண்டுப் பெண்ணைக் கிண்டல் செய்து துரத்தியபோது சிரிப்பு நின்றது. நாயகன் மூன்றாவது தடவை பின்னால் போனபோது, "இவனுக்கு வேலைவெட்டியே கிடையாதா?" என்றாள். உள்ளுக்குள் நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

கோர்ட் படி வந்தது. அறை விழுந்தது. அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றேன். குரலில் இருந்த குஷியை மறைக்கப் பெரும்பாடு. "நல்ல படம்னு சொன்னியே."

"நல்ல படம்னு நான் எப்ப சொன்னேன்? நல்ல நாள்னுதானே சொன்னேன்."

பிறகு அவளாகவே பேசினாள். நாலு வருஷமாக நான் கேட்காமல் இருந்ததை, மத்தியான வெயில் திரைக்குப் பின்னால் நிற்க, மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த இடத்துல தியேட்டரே எழுந்து விசிலடிச்சுது. நானும் கை தட்டினேன். எல்லாரும் தட்டினா நாமும் தட்டுவோமில்ல, அந்த வயசு. திரும்பிப் பார்த்தா அவர் எழுந்து நிக்கிறார். 'வா, போலாம்'னார். இடைவேளைகூட வரல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்ன தப்பு பண்ணினோம்னு புரியல. வெளியில வந்து படிக்கட்டுல உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார். 'எங்க மாமா எங்கக்காவை இப்படித்தான் அடிப்பார். நான் கதவுக்குப் பின்னால நின்னு பார்த்திருக்கேன். அக்கா ஒருநாளும் கன்னத்தைத் தடவிக்கிட்டு சிரிச்சதில்ல. நீ கை தட்டினதும் எனக்கு பயமாயிடுச்சு'ன்னார்."

நான் டிவி பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போனா அத்தை கேள்வி கேப்பாங்கன்னு, படம் முடியற வரைக்கும் அந்தப் படியிலயே உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்ன பிடிக்கும், என்ன படிக்கணும்னு இருந்தேன், எல்லாம் கேட்டார். நர்ஸ் படிக்க ஆசைன்னு அன்னிக்குத்தான் முதல்ல ஒருத்தர்கிட்ட சொன்னேன். நாங்க படியில வந்து உட்கார்ந்தப்ப உள்ள பாட்டு ஓடிட்டிருந்துது. அதான் அந்தப் பாட்டு."

அவ்வளவுதான். எழுந்து போய்த் திரையை விலக்கிவிட்டாள். நான் சோபாவிலேயே கிடந்தேன்.

அதுவரை என் பொறாமை கூடத்துச் சுவரில் தொங்கும் ஒரு மீசைக்காரரின் போட்டோ மேல்தான். அது தாங்கக்கூடிய பொறாமை. இப்போது அறுநூறு பேர் விசிலடிக்கும்போது தனியாக எழுந்து நின்ற ஆள் மேல் பொறாமை. அந்த அறுநூறு பேரில் ஒருவன் நான். ஊர் வேறு, தியேட்டர் வேறு. ஆனால் மூன்றாவது வரிசையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து நான் அடித்த விசில் அதேதான். நாலு தடவை போனதே அந்த அறைக்காகத்தான். அவரைக் கவிழ்க்க நான் தோண்டிய குழி, விழுந்தவன் நான்.

மறுநாள் பட்டறையில் கை ஓடவில்லை. ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியருக்கான செட்டில் வலது கோரைப்பல்லை இடது பக்கத்தில் பதித்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் அப்படிச் செய்ததில்லை. மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் டியூட்டி முடிந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்தை நான் ஏற்கனவே பார்த்திருக்கேன்" என்றேன். "நாலு தடவை. நேத்துக்கு முன்னால பட்டறையில வச்சு ஒரு தடவை. உனக்கு அது பிடிக்காமப் போகட்டும்னுதான் போட்டேன்."

கத்தி நின்றது.

"அந்த இடத்துல நான் விசிலடிச்சவன். அவர் எழுந்தார். நான் எழுந்திருக்கவே மாட்டேன். அதுதான் எரியுது."

"செத்துப்போனவர் மேல பொறாமையா?"

"ஆமா. உயிரோட இருந்தா ஒரு நாளாவது ஜெயிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. கோபம் இருந்தது. "படத்தை வச்சு என்னை வேவு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் காயை வேகமாக நறுக்கினாள். துண்டுகள் தாறுமாறாக விழுந்தன. பிறகு மூச்சு விட்டாள்.

"அந்த ஒரு நாள் எழுந்தார். சரி. அப்புறம் வந்த வருஷங்கள்ல எழுந்திருக்க வேண்டிய எத்தனை இடத்துல உட்கார்ந்தே இருந்தார், சொல்லவா?"

"சொல்லு" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"நான் படிக்கப் போறேன்னதும் அத்தை ஒரு மாசம் என்கூடப் பேசல. அவர் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பொண்ணுக்கு ராத்திரி காய்ச்சல்னா போர்வையை இழுத்து மூடிக்குவார். ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடும், நம்ம வீட்டு மிக்ஸி ஆறு மாசம் ஓடாது."

"ஆறு மாசமா?"

"எட்டு."

"அப்புறம்?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். என் முகம் என்ன காட்டியதோ. "போதும். உங்களுக்கு இவ்வளவு ஆசை ஆகாது" என்று நிறுத்திவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் மேற்கொண்டு ஒன்றுகூடத் தேறவில்லை. மிக்ஸிக்கு மேல் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று எனக்கு நிச்சயம். இல்லாமலும் இருக்கலாம்.

நான் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு காயை முழுசாக நறுக்கி முடித்தேன்.

"ரெண்டாம் பாதியில என்ன ஆகுது?" என்று அவள்தான் கேட்டாள். "எனக்குத் தெரியவே தெரியாது."

சொன்னேன். வில்லன் வருகிறான். நாயகி கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிடுகிறாள். நாயகனுக்குக் கையில் வெட்டு விழுகிறது, அவள் கட்டுப் போடுகிறாள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

"முதல் பாதியில ஒரு கேஸ் நடத்திட்டிருந்தாளே, மெஷின்ல கை போன ஒருத்தருக்காக. அது என்ன ஆச்சு?"

யோசித்துப் பார்த்தேன். மனசுக்குள் படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன். "அஞ்சு தடவை பார்த்திருக்கேன். அந்த ஆள் எங்க போனார்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கு இப்பத்தான் தோணுது" என்று சொல்லிவிட்டு, நறுக்கிய காயைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.