மாதிரிக் கிறிஸ்தவக் குடும்பம்

விழுப்புரத்தில் ‘மாதிரிக் கிறிஸ்தவக் குடும்பம்’ என்று ஒரு போட்டி நடக்கப் போவதாகத் திண்டிவனத்துச் சபையில் அறிவிப்பு வாசித்தபோது, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் ஜெபம் என்று நினைத்தார்கள். ஆண்கள் பக்கம் தன் புருஷன் ஏசடியான் இந்நேரம் முதுகை நிமிர்த்தியிருப்பார் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

ஏசடியான் பேட்டரி கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் வாரண்டியைப் பற்றி ஐந்து நிமிஷமும் நித்திய ஜீவனைப் பற்றி அரை மணி நேரமும் பேசுவார். அவர்கள் திருப்பிச் சந்தேகம் கேட்பதெல்லாம் வாரண்டியைப் பற்றித்தான். அன்புச்செல்விக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தும்போது “வலிக்காது” என்று சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. “கொஞ்சம் வலிக்கும், ஆடாதீங்க” என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் பெனினாவுக்குப் பதினாறு வயது. அவள் பிறந்தபோது ஏசடியான் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் விழுந்த பெண் பெயரை வைத்துவிட்டார். அந்தப் பெயருக்குரியவள் பிள்ளையில்லாத சக்களத்தியை வருஷா வருஷம் குத்திக்காட்டி அழவைத்தவள் என்பது, கேக் வெட்டி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுத்தடுத்த வசனங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மகள் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அவர் தன் விரலைத்தான் நொந்துகொள்வார். இளையவன் ஓபேத்துக்குப் பத்து வயது. சாப்பாடு கிடைக்கும் என்றால் எந்த ஜெபக்கூட்டத்திலும் முன்வரிசையில் உட்காருவான்.

போட்டியின் விதி எளிமையானது. ஒரே கேள்வியைக் குடும்பத்தின் நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். மூன்று பேர் பதிலாவது ஒத்துப்போனால் மதிப்பெண். ஜெயிக்கிற குடும்பத்துக்குக் கோப்பை. அதோடு, இந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்ப்பது எப்படி என்று அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த வீட்டு அப்பா பேச வேண்டும். கோப்பையைவிடப் பேச்சுதான் ஏசடியானின் தூக்கத்தைக் கெடுத்தது.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது.

“குடும்ப ஜெபம் எத்தினி மணிக்கு?”

“காலையில அஞ்சு மணிக்கு” என்றான் ஓபேத்.

“அஞ்சு மணிக்கு நம்ம வீட்ல முழிச்சிக்கினு இருக்கறது கொசு மட்டும்தாம்ப்பா” என்றாள் பெனினா.

“இனிமே பண்ணுவோம் இல்ல. நாளைக்கு நடக்கப் போறத இன்னிக்கே சொன்னா அதுக்குப் பேரு பொய்யி இல்ல, விசுவாசம்.”

“அப்ப நான் நீட்ல பாஸ் பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிடவா?”

ஏசடியான் விரலைப் பார்த்துக்கொண்டார். அன்புச்செல்வி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் ஒரு நாள் கூத்து, விழுப்புரம் போய் வந்தால் ஓய்ந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பழைய ஆம்னி வேனில் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலை ஒட்டிய மண்டபம் நிறைந்திருந்தது. முறை வரும்வரை குடும்பங்களைப் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்தார்கள், மேடையில் சொல்வது காதில் விழக்கூடாது என்று. ஆனால் மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரில் ஒன்றைக் கொண்டுபோய் அந்த அறையின் ஜன்னலில்தான் கட்டியிருந்தார். மேடைக்காரர்களைவிட அறைக்காரர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை விசுவாசிகளில் ஒருவர்கூட இதை வெளியே போய்ச் சொல்லவில்லை. ஏசடியான் மேலே பார்த்து “ஸ்தோத்திரம்” என்றார்.

கேள்வி கேட்டவர் தென்னரசு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருக்கு முன்னால் நின்றால் பெரியவர்களுக்கும் வீட்டுப்பாடம் செய்யாத ஞாபகம் வரும். இவர்கள் முறை வந்ததும், வயதில் சின்னவன் முதலில் என்று ஓபேத்தைக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்க வீட்ல இயேசு எங்க இருக்காரு?”

“எங்கள் இருதயங்களில்” என்பது ஒத்திகைப் பதில். கூட்டத்தைப் பார்த்ததும் ஓபேத்துக்கு இருதயம் மறந்துவிட்டது.

“மீட்டர் பாக்ஸுக்கு மேல, சார்.”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ‘கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர்’ என்ற படம் அங்கேதான் மாட்டியிருந்தது. அறைக்குள் ஏசடியான் வேகமாக யோசித்தார். “எல்லாரும் அதையே சொல்லிடுங்க” என்றார். பெனினா போய்ச் சொன்னாள். அன்புச்செல்வி போய்ச் சொன்னாள். கடைசியாக ஏசடியான் மைக்கைப் பிடித்து, அப்போஸ்தலனுக்குரிய கம்பீரத்தோடு “மீட்டர் பாக்ஸுக்கு மேலே” என்றார். முழு மதிப்பெண் கிடைத்தது.

அப்படியே இன்னும் இரண்டு கேள்விகள் தாண்டின. அதுவரை முதலிடத்தில் இருந்தது வானூரிலிருந்து வந்த பிரவீன்குமார் குடும்பம். அடுத்த கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கினால் அவர்களை முந்திவிடலாம். ஓபேத் மறுபடி மேடைக்குப் போனான்.

“குடும்ப ஜெபம் எத்தனை மணிக்கு?”

“காலையில அஞ்சு மணிக்கு, சார்.”

“தினமுமா?”

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஓபேத் கொஞ்சமும் தயங்கவில்லை. “தினமும் சார். எங்கம்மா கீபோர்டு வாசிப்பாங்க.”

வீட்டில் கீபோர்டு கிடையாது. ஏசடியான் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். அவள் வாசல் பக்கம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனினாவின் முகம் என்னவோ மாதிரி இருந்தது. அவள் எழுந்து போனாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

“எங்க வீட்ல குடும்ப ஜெபம் கிடையாது சார். என் பத்தாவது பரீட்சையோட நின்னு போச்சு. அப்பா மட்டும் தனியா பண்றாரு.”

மண்டபம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

ஏசடியான் மனைவியின் கையைப் பிடித்தார். “ஒண்ணும் பேஜாரு இல்ல. நீ அஞ்சு மணின்னு சொல்லு, நானும் சொல்லிடறேன். மூணு பேரு ஆச்சு.”

“அப்ப அவ பொய் சொல்றான்னு ஆயிடுமே.”

“ஏதோ பயத்துல உளறிட்டான்னு நினைச்சுக்குவாங்க. ஜல்தி போ, கூப்பிடறாங்க.”

அன்புச்செல்வி படியேறினாள். மேடையின் ஒரு ஓரத்தில் ஓபேத் உட்கார்ந்திருந்தான், இன்னொரு ஓரத்தில் பெனினா. நடுவில் நாற்காலிகள் காலியாக இருந்தன. பெனினா அம்மாவைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் தன் பிள்ளைகள். எதைச் சொன்னாலும் இதில் ஒன்று பொய்க்காரப் பிள்ளையாகத்தான் கீழே இறங்கும் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்படியில் நின்றபோதே வாயைத் திறந்திருக்கலாம் என்று தோன்றியது.

“சொல்லுங்கம்மா” என்றார் தென்னரசு.

“பொண்ணு சொன்னதுதாங்க சார் நெசம். எங்க வீட்ல சேர்ந்து ஜெபம் பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. எனக்குக் கீபோர்டும் வாசிக்கத் தெரியாது.”

யாரோ சிரித்தார்கள். அன்புச்செல்வி மைக்கை விடவில்லை.

“சின்னவன் மேல தப்பில்லீங்க. அவன் நாங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னான். கீபோர்டு மட்டும் அவனே சேத்துக்கினான்.”

அடுத்து ஏசடியான். அறையிலிருந்து மேடைக்கு வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது. வந்து நின்று, மனைவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார். ஓடிப்போகலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பொண்ணு சொன்னதுதான் சார்” என்றார். அதோடு இறங்கியிருக்கலாம். “ஆனா இதுல ஒரு சத்தியம் என்னன்னா, பிரியமானவர்களே” என்று அவர் ஆரம்பித்தபோது தென்னரசு கையைக் காட்டினார், மைக் நின்றது.

நடுவர்கள் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். கடைசியில் தென்னரசு எழுந்தார். “விதிப்படி மூணு பேர் பதில் ஒத்துப்போவுது. ஆனா பதில் மாதிரிக் குடும்பத்துக்கு ஏத்ததா இல்ல. அதனால மதிப்பெண் கிடையாது.” கோப்பை வானூருக்குப் போனது.

வேனில் திண்டிவனத்துக்குத் திரும்பினார்கள். ஏசடியான் லாரிகளை முந்துகிற வேகத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தது. அன்புச்செல்வி பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டில் ஓபேத் தூங்கிப் போயிருந்தான்.

“உனுக்கு அப்பா மேல கோவமாடி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லம்மா. நானும் அஞ்சு மணின்னு சொல்லிட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன். ஆனா ஓபேத்து அந்தக் கீபோர்டைச் சொன்னான் பாரு. எவ்ளோ அழகா சொன்னான். பயந்து சொல்லியிருந்தாகூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. எனக்குத்தான் பயமாயிடுச்சு.”

முன்னால் வேனின் வேகம் குறைந்தது. ஏசடியானுக்குக் கேட்டிருக்க வேண்டும். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும், யாரும் கேட்காமலே ஒரு பரோட்டா கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். வண்டி நின்ற சத்தத்தில் ஓபேத் கண் விழித்தான்.

உள்ளே, முதல் மேஜையிலேயே பிரவீன்குமாரும் அவர் மனைவி வேணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். வானூருக்குப் போகிறவர்களுக்கு விக்கிரவாண்டியில் என்ன வேலை என்று ஏசடியானுக்குப் புரியவில்லை. வேணியே சொன்னாள்: “ஜெயிச்சா இங்க பரோட்டா வாங்கித் தரேன்னு புள்ளைங்களாண்ட சொல்லிட்டாருங்க. சுத்திக்கினு வந்துருக்கோம்.”

பிரவீன்குமார் எழுந்து கை கொடுத்தார். “பிரைஸ் த லார்ட், அண்ணே. உக்காருங்க.”

வேறு மேஜை காலியில்லை. சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஏசடியானின் வாழ்த்து தொண்டையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால், பிரவீன்குமாரின் சின்ன மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சைக்கிள் எப்பப்பா? நீ சொன்ன மாதிரியே எல்லாம் சொன்னேன் இல்ல. நீ கத்தவே மாட்டேன்னு சொன்னேன். அம்மாவ அடிக்க கை ஓங்கனதயும் சொல்லல.”

பிரவீன்குமார் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். வேணி பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், அது பொடிப்பொடியாகும்வரை.

“ஒரு தடவதாங்க” என்றார் பிரவீன்குமார், யாரிடம் என்று தெரியாமல்.

“ரெண்டு தடவ” என்றாள் வேணி.

அன்புச்செல்வி குருமாக் கிண்ணத்தை வேணியின் பக்கம் தள்ளி வைத்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பேப்பர் நாப்கினில் தன் செல்போன் நம்பரை எல்லோரும் பார்க்கவே எழுதி வேணியிடம் கொடுத்தாள். “என்னிக்கு வேணாலும் பேசு. என் புருஷன் எடுத்தா மட்டும் வச்சிடு, ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவாரு.” வேணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிரவீன்குமார் ஏசடியான் பக்கம் குனிந்தார். “அடுத்த மாசம் நான் பேசணுமாம் அண்ணே. புள்ளைங்கள வளக்கறது எப்படின்னு. நான் இன்னாத்த பேசறது? நீங்க பேசிடறீங்களா?”

இரண்டு மாதமாகத் தூக்கத்தில்கூட ஒத்திகை பார்த்த பேச்சு அது. ஏசடியான் பரோட்டாவைப் பார்த்தார். “வேணாம் தம்பி” என்றார். “நீ மொதல்ல அந்தப் புள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் குடு. அப்புறம் வேணியாண்ட பேசு. கூட்டத்துல எவன் வேணா பேசிக்குவான்.” இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி அன்புச்செல்வி கேட்டதேயில்லை.

மறுநாள் வீட்டில் குடும்ப ஜெபத்தைப் பற்றிப் பேரம் நடந்தது. தினமும் காலை என்று ஏசடியான் ஆரம்பித்தார். பெனினா டியூஷனைக் காட்டினாள், ஓபேத் கிரிக்கெட்டைக் காட்டினான், அன்புச்செல்வி தன் காலை ஷிஃப்டைக் காட்டினாள். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம், பத்து நிமிஷம், அப்பா பிரசங்கம் பண்ணக்கூடாது என்று முடிவானது. வராதவர்களைக் கூப்பிடக்கூடாது என்பது பெனினா சேர்த்த சட்டம்.

முதல் சனிக்கிழமை அவளே கடைசியாக வந்து, வாசல்படியில் பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்தாள். வாசிக்கிற பகுதியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை ஓபேத்துக்குக் கிடைத்தது. அவன் வேதத்தில் கழுதை வாய் திறந்து, தன்னை அடிக்கிற எஜமானனோடு பேசுகிற இடத்தைத் தேடி எடுத்து வாசித்தான். வாசித்து முடித்து நிமிர்ந்தான்.

“அந்தக் கழுத இன்னா பாஷ பேசுச்சு?”

ஏசடியான் வாயைத் திறந்தார். சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

“எனக்குத் தெரியல” என்றார்.

“எபிரெயுவா இருக்கும்” என்றாள் பெனினா. “அத வுடு. கழுத பேசுது, அந்தாளு ஆச்சரியமே படாம கூட சண்ட போடறான் பாரு. அதான் எனுக்குப் புரியல.”

“அவன் கல்யாணமானவனா இருப்பான்” என்றாள் அன்புச்செல்வி.

ஏசடியான்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கழுதை முன்னாலேயே பேசியிருக்குமா, வழிமறித்த தேவதூதன் ஏன் எஜமானனைவிட அதற்கு முதலில் தெரிந்தான் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெபம் பண்ண வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.