நாற்பத்தேழாம் நம்பர்

எண்ணூரில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் அந்தக் குழாய் யார்டு. உள்ளே நுழையவும் வெளியே போகவும் வாட்ச்மேன் டில்லிபாபுவின் நோட்டில் பெயர் ஏறியாக வேண்டும். நான்கு வருடமாக அதில் தினமும் ஏறும் ஒரு வரி: யசோதரா, ஹெல்பர். உள்ளே போனதும் இந்த ஹெல்பர், கண் காக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் கழுத்து வலிக்கிறது என்று நழுவும் மூலைகளிலெல்லாம் மல்லாந்து படுத்து வெல்டிங் செய்வாள். ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்துத் தேறியவள். ஆனால் ஹெல்பர் என்று எழுதினால் ஹெல்பர் கூலி போதுமே! காண்டிராக்டர் ரகுபதியின் மூளை அந்த விஷயத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் விட்டுக்கொடுத்து ஜெர்மன் படித்தாள். ஜெர்மனியில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லிவிட்டது. விசாவுக்கு அனுபவக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. ரகுபதி கொடுத்த கடிதத்தில் 'ஹெல்பர்' என்று இருந்தது. அதைக் கொண்டுபோனால் விசா அம்போ.

"இன்னா சார், ஹெல்பர்னு போட்டுகீறீங்க?"

"ரெஜிஸ்டர்ல இன்னா கீதோ அத்ததாம்மா எழுத முடியும்."

யசோதராவுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் முட்டியது, அந்த ஆள் முன்னால் அழ மனமில்லை. வெளியே வந்தவள் கண்ணில் அடுக்கிவைத்த குழாய்கள் பட்டன. ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அதை வெல்டிங் செய்தவரின் நம்பரை இரும்பு அச்சால் அடித்துவைப்பது யார்டு வழக்கம். 47, 47, 47. எல்லாம் அவள் நம்பர்.

நேரே தரம் பார்க்கும் இன்ஜினியர் சங்கரநாராயணனிடம் போனாள். வெல்டர் சோதனையில் தேறாதவருக்கு நம்பர் கிடையாது. குழாய் வாங்கும் கம்பெனிக்குத் தேறிய வெல்டர் கணக்குக் காட்டுவதற்காக ரகுபதியே அவளை அந்தச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். சான்றிதழில் அவள் போட்டோ, 47, 'வெல்டர்', கீழே ரகுபதியின் கையெழுத்து. அவளுடைய ஜாயின்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதித்த பட்டியலையும் சேர்த்து இன்ஜினியர் பிரதி எடுத்துக் கொடுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு ஜாயின்ட். சரியில்லை என்று திரும்பி வந்தது மூன்றே மூன்று.

"இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சிம்மா வேணும்?" என்றார்.

யசோதரா இரண்டு தாளையும் ரகுபதியின் மேஜைமேல் வைத்தாள்.

"நான் ஹெல்பர்னா, இந்த அறுநூத்திப் பன்னெண்டும் ஹெல்பர் அடிச்ச வெல்டிங்கு. கம்பெனிக்காரங்களாண்ட அத்த எழுதிக் குடுத்துடுங்க. வெல்டர்னா, எனக்குக் கடுதாசி குடுங்க. ரெண்டுல ஒண்ணு சார். நான் இங்கியே குந்திகினு கீறேன்."

ரகுபதி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதேதான், கடைசிச் சுழிகூட மாறவில்லை.

"பேஜார் பண்றியேம்மா" என்று முனகிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

விசா நேர்காணலில், கடிதத்தோடு அவள் சேர்த்து வைத்த பட்டியல் முழுக்க வருகிற இந்த 47 யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்று ஜெர்மனில் சொன்னாள். அன்று அவளுக்கு இருந்த தெம்புக்கு எந்த மொழியில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

ஐந்தாவது வாரம் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. கடைசி நாள் மாலை டில்லிபாபு நோட்டை விரித்தார். பழக்கதோஷம், பேனா 'ஹெ' போட்டுவிட்டது.

"அண்ணே, அத்த அடி."

அடித்தார். வாயெல்லாம் பல்லாக, அரைப் பக்கத்துக்கு 'வெல்டர்' என்று எழுதினார். யசோதரா பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் 47 என்று அழுத்தி எழுதிவிட்டு கேட்டைத் தாண்டினாள்.