எட்டாம் நம்பர் ரேக்

விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறும்போதே சூர்யகலாவுக்கு வயிறு எரிந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பஸ் நின்றபோது அந்த எரிச்சல் தலைக்கே ஏறிவிட்டது. "எம் பையை எல்லாரு எதிர்லயும் தரையில கொட்டிட்டாங்கம்மா" என்று வெள்ளையம்மாள் போனில் சொன்னது காதை விட்டுப் போகவே இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மாள் அழவில்லை, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

வெள்ளையம்மாள் திண்டிவனம் குடோனில் சரக்குப் பிரித்து அடுக்குகிறவள். விருத்தாசலம் முதலாளியின் மோட்டார் சாமான் வியாபாரத்துக்குக் கடை, ஆபீஸ் எல்லாம் விழுப்புரத்தில். சரக்கு இறங்குவது மட்டும் திண்டிவனம் பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகையில். கிணற்று மோட்டார், பம்பு, பைப்பு, மோட்டாருக்குள் சுற்றுகிற காப்பர் கம்பி என்று ஊர்ப்பட்ட சாமான். எது எங்கே இருக்கிறது என்று விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. நல்ல ஆசைதான். வேலை, ஆபீசில் கணக்குப் பார்க்கும் சூர்யகலாவின் தலையில் விழுந்தது.

போன மாசம் அவள் தினமும் பஸ் பிடித்து வந்து அதைச் செய்து முடித்தாள். சரக்கு வைக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் சிஸ்டத்தில் ஒரு லொகேஷன் போட வேண்டும். எந்த வரிசை, எந்த ரேக், எந்தத் தட்டு என்று ஒவ்வொன்றாகத் திரையில் ஏற்றி, அதையே ஸ்டிக்கராக அடித்து ரேக்கில் ஒட்ட வேண்டும். மனுஷருக்கு ரேஷன் கார்டு எப்படியோ, சாமானுக்கு லொகேஷன் அப்படி. அது இல்லாத சாமான் கண்ணெதிரே கிடந்தாலும் சிஸ்டத்தைப் பொறுத்தவரை கிடையாது. இதை மேனேஜர் ராஜாங்கத்திடம் அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். அந்தத் தலை எதற்குத்தான் ஆடவில்லை?

வெள்ளையம்மாள்தான் ஏணி பிடித்தாள், தூசி துடைத்தாள், ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டினாள். காப்பர் கம்பிச் சுருள் விலை அதிகம் என்பதால் வெளியாள் எட்டிப் பார்க்காத உள்கோடியில், எட்டாம் நம்பர் ரேக்கில், இருவருமாக அடுக்கி வைத்தார்கள். மத்தியானம் கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும் பாதிப் பாதி. இரண்டு நாள் பழக்கத்திலேயே வெள்ளையம்மாள் அக்கா ஆகிவிட்டாள். அந்த அக்காவைத்தான் இப்போது திருடி என்கிறார்கள்.

குடோன் கேட்டுக்கு வெளியே, நின்றிருந்த லாரியின் நிழலில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது.

"வூட்டுக்குப் போவலையாக்கா?"

"எதுக்குப் போவணும்? போனா, கம்பிய எடுத்துக்கினு ஓடிட்டான்னு சொல்லிடுவாங்க. எம் மருமவளோட அம்மா வூடு இந்தத் தெருக்கோடியிலதாம்மா இருக்குது. திருடின்னு பேரு ஆயிடுச்சின்னா நாளைக்கு அவ என்னை எப்படிப் பார்ப்பா? அந்த ஜனங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

"கம்பி எங்க இருக்குதுன்னு சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனே! அந்தா, தார்ப்பாய் போட்டு மூடிக்கினு இருக்குதே, அதுக்குள்ள இருக்குது சார்னு கையைக் காட்டுனேன். அது காலி ரேக்கு, யாருகிட்ட கதை வுடறன்னு கத்துறாரு. கிட்டப் போவப் பார்த்தா, தொடாதன்னு பிடிச்சுத் தள்ளி நிறுத்திட்டாரு."

தார்ப்பாயா? சூர்யகலா நின்ற இடத்திலேயே போனைத் திறந்து சிஸ்டத்துக்குள் போனாள். ஏழாம் நம்பர் ரேக் இருந்தது. அதற்கு அடுத்தது ஒன்பது. எட்டைக் காணோம்.

அவள் உள்ளே போனபோது ராஜாங்கம் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்திலிருந்து ஸ்டாக் கணக்கெடுக்க வந்த இரண்டு பையன்களும், லோடுமேன்களும் சுவரோரமாக நின்றார்கள்.

"வாம்மா! உன் சாஃப்ட்வேர் நல்லா வேலை செய்யுது. திருட்டைப் புட்டுப் புட்டு வச்சிடுச்சு. காப்பர் கம்பி ஒரு சுருள்கூட இல்ல. போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் கெளம்பிக்கினு இருக்கேன்."

"எட்டாம் நம்பர் ரேக் எங்க சார்?"

"அதை அப்பவே எடுத்துட்டேனே" என்றார் ராஜாங்கம், ஏதோ பரிசு வாங்கினவர் போல. "முதலாளி லிஸ்டைப் பார்த்தாரு. எட்டு அவருக்கு ஆகவே ஆகாதும்மா. அவரு கார் நம்பரைக் கூட்டிப் பாரு, எட்டு வராது. அதான் சிஸ்டத்துல எட்டைத் தூக்கிட்டேன். ஆபீஸ்லேர்ந்தே இங்க போன் பண்ணி, ஸ்டிக்கரைக் கிழிங்கடா, ரேக்கைக் காலி பண்ணுங்கடா, கண்ணுல படாம தார்ப்பாய் போட்டு மூடுங்கடான்னு சொல்லிட்டேன்."

"காலி பண்ணாங்களான்னு பார்த்தீங்களா?"

"நான்தான் சொன்னேன்ல?"

சொன்னாராம், ஆகவே காலியாகிவிட்டதாம்! மற்ற ரேக்கெல்லாம் கழுத்துவரை நிரம்பிக் கிடக்கும்போது அந்தக் கம்பியை எங்கே கொண்டுபோய் வைப்பது? லோடுமேன்கள் ஸ்டிக்கரைக் கிழித்தார்கள், தார்ப்பாயைப் போட்டார்கள், காலி பண்ணுகிற வேலையை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஸ்டாக் எடுக்க வந்த பையன்களிடம் ஸ்கேனர் ஏழு முடிந்ததும் ஒன்பதைக் கேட்டது. அவர்களும் ஒன்பதுக்குப் போனார்கள். நடுவில் ஆளைவிட உயரமாக ஒரு ரேக் நின்றுகொண்டிருந்தது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. காப்பர் காணோம் என்றதும் லோடுமேன் பையை யாரும் தொடவில்லை, டிரைவர் பையைத் தொடவில்லை. அன்றாடம் தகரக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, சரக்கைப் பிள்ளை மாதிரி துடைத்து வைக்கிறவளின் பைதான் ராஜாங்கத்தின் கண்ணில் பட்டது. விஷயம் தெரிந்த லோடுமேன்களோ, எங்கே தங்கள் தலையில் விடியுமோ என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இப்போதும் தரையைத்தான் பார்த்தார்கள்.

சூர்யகலா யாரிடமும் பேசாமல் உள்கோடிக்குப் போனாள். தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தூசி பறந்தது. தட்டுத் தட்டாக, அடுக்கின மேனிக்கு, காப்பர் கம்பிச் சுருள்கள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

ராஜாங்கத்தின் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு அதிலிருந்து வந்தது இதுதான்: "பார்த்தியா! தார்ப்பாய்க்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா!"

சூர்யகலாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தார்ப்பாயையே அவர் தலையில் போட்டு மூடியிருப்பாள்.

"மூடச் சொன்னது நீங்க சார். அவங்க இங்கதான் இருக்குதுன்னு கையைக் காட்டியிருக்காங்க. ஒளிச்சு வச்சவங்க யாராவது கையைக் காட்டுவாங்களா? முதலாளிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

ராஜாங்கம் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் விருத்தாசலத்தின் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"கெடச்சிடுச்சா? அப்பாடா! பார்த்தியா ராஜாங்கம், நான் சொன்னேனா இல்லியா? எட்டு வேலையைக் காட்டிடுச்சு பார்த்தியா? ஒரு நல்ல பொம்பளைக்குப் போயி திருட்டுப் பட்டம் கட்டிடுச்சே!"

"ஆமாங்க முதலாளி. எல்லாம் அந்த எட்டாலதாங்க" என்றார் ராஜாங்கம். முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்திருந்தது.

ஆக, இரண்டு பேருமாகச் சேர்ந்து குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். எட்டுக்கு வாயா இருக்கிறது, இல்லை என்று சொல்ல?

"ஐயா" என்றாள் சூர்யகலா. "எட்டு அவங்க பையைத் தரையில கொட்டலைங்க. ராஜாங்கம் சார்தான் கொட்டுனாரு."

முதலாளியின் குரலில் இருந்த சந்தோஷம் வடிந்தது.

"சரி விடும்மா, அதான் கம்பி கெடச்சிடுச்சே. அந்தம்மாவை நாளையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லு. பேஜாரு பண்ணாத."

"கம்பி கெடச்சிடுச்சுங்க ஐயா. அவங்க மானம் எந்த ரேக்குல இருக்குதுன்னு சொல்லுங்க, அதையும் போயி எடுத்தாறேன்."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அதற்குள் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளையம்மாள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகக் குடோனின் நடுவே, காலையில் நின்ற அதே இடத்துக்கு வந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். சோற்று டப்பா உருண்டது. மாற்று ரவிக்கை, சர்க்கரை மாத்திரை, சீப்பு, வெற்றிலைப் பை எல்லாம் தரையில் சிதறின.

"எடுத்து வைங்க சார்" என்றாள்.

ராஜாங்கம் போனைப் பார்த்தார்.

"கொட்டத் தெரிஞ்சுதில்ல? எது எது எங்க இருந்துச்சுன்னும் தெரிஞ்சிருக்கும். எடுத்து வைங்க. அப்பதான் நான் திருடி இல்லன்னு இங்க நிக்கிற இவங்களுக்குத் தெரியும்."

"என்னய்யா அங்க?" என்றது போன்.

"அவங்க பையில இருந்ததை அவங்க பையில வைக்கணுமாம் ஐயா" என்றாள் சூர்யகலா. "கொட்டுனவரு கையால."

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "எடுத்து வைய்யா. ஜல்தியா எடுத்து வச்சிட்டு வேலையைப் பாருங்க."

ராஜாங்கம் வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். முதலில் டப்பாவை எடுத்தார். பிறகு ரவிக்கையை, விரல் நுனியால், கூசிக் கூசி. காலையில் அந்தக் கூச்சம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. சுவரோரம் நின்றவர்கள் இப்போது தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூர்யகலா யாரையும் கேட்காமல் போனைத் திறந்து, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எட்டை மறுபடி ஏற்றினாள்.

"மாத்திரை அங்க இல்ல சார். சைடு ஜிப்புல" என்றாள் வெள்ளையம்மாள்.

அவர் மாத்திரையை வெளியே எடுத்துச் சைடு ஜிப்புக்குள் வைத்தார். பையை நீட்டியபடி எழுந்தார். வெள்ளையம்மாள் கையை நீட்டவில்லை.

"இன்னும் ஒண்ணு கெடக்குது. அதோ, உங்க செருப்பாண்ட."

வெற்றிலைப் பை. ராஜாங்கம் மறுபடியும் குனிந்தார்.