இழுத்தா வராத பாக்கெட்

மருமகள் தைக்க, மாமியார் திருப்பி அனுப்ப, வீட்டில் நடக்கிற கூத்தையே தொழிற்சாலையிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்திய குடும்பம் அது. மருமகளுக்கு ஊசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவள் பேச்சைக் கேட்டுத் தையல் லைனில் இருக்கிறவர்கள் வைத்தது. பெண்கள் போடும் பேண்ட்டுகளில் பாக்கெட் வைப்பது அவள் வேலை. மாமியார் அதே லைனின் கோடியில், டியூப் லைட்டுக்குக் கீழே, செக்கிங் மேசையில் உட்கார்ந்திருப்பார். தைத்து வந்ததைத் தூக்கிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முறைப்பார். பிறகு "ரிஜெக்ட்" என்பார். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் ரிஜெக்ட் அத்தை.

"வீட்டுல நான் போடற டீ கூட முதல் தடவை பாஸ் ஆனதில்லை" என்பாள் ஊசி.

பக்கத்து மிஷினில் பட்டன் துளை அடிக்கிற காஜாக்காரி கேட்பாள், "அப்புறம் உன் வீட்டுக்காரரை மட்டும் எப்படிடி பாஸ் பண்ணாங்க?"

"அது சொந்தத் தயாரிப்பு. செக்கிங் கிடையாது."

ஊசி பாக்கெட் வைக்கிறாள் என்று சொன்னாலும் அதில் முக்கால்வாசி பொய். ஆண்கள் பேண்ட் என்றால் எல்லாப் பக்கமும் நிஜப் பாக்கெட். பெண்கள் பேண்ட்டுக்கு வாய் இருக்கும், வயிறு இருக்காது. மடித்துத் தைத்து, பாக்கெட் மாதிரி ஒரு கோடு காட்டிவிட்டால் முடிந்தது. "எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்று ஊசி விளக்குவாள். "அவங்கம்மாவுக்கும் எனக்கும் சண்டைன்னா, வெளியிலேருந்து பாத்தா ஏதோ சொல்லப் போற மாதிரியே நிப்பார். கையை விட்டுப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது."

ஆனால் தைக்கிறவர்கள் மேலே போட்டுக்கொள்ளத் தொழிற்சாலை கொடுத்த நீலக் கோட்டில் அந்தப் பொய்ப் பாக்கெட் கூடக் கிடையாது. பாக்கெட் வைத்தால் பட்டனையும் ஜிப்பையும் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று நிர்வாகத்துக்குப் பயம். அதனால் மாத்திரை வைத்துக்கொள்ள இடமில்லை, சாவிக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் நாப்கினைக் கோட்டுக் கைக்குள் செருகிக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, அடிபட்ட கோழி மாதிரி அத்தனை ஆண்களையும் தாண்டிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒருத்திக்கு அது நடுவழியில் நழுவி விழுந்துவிட்டது. அயர்ன் பிரிவில் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு, "யாரோடது, யாரோடது" என்று கேட்டபடி சுற்றி வந்தான். அவள் அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அந்த வாரம்தான் ஊசி சங்கத்தில் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு அவளையே லைனுக்குப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். பேசத் தெரிந்த வாயைக் கண்டால் சங்கம் விடுமா?

மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "சார், எங்க கோட்டுக்குப் பாக்கெட் வேணும்."

"பாக்கெட்டா? அதுல என்னம்மா வைக்கப் போறீங்க?"

"உங்க பேண்ட்ல எத்தனை பாக்கெட் சார்?"

மேனேஜர் தன்னைத் தானே தடவிப் பார்த்தார். "அஞ்சு."

"என்னென்ன வச்சிருக்கீங்க?"

மனிதர் கொஞ்சம் வெகுளி. வரிசையாக எடுத்துக் காட்டினார். சாவி, போன், கைக்குட்டை, பல் உடைந்த ஒரு சீப்பு. சீப்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவர் தலையைப் பார்த்தார்கள். அங்கே சீப்புக்கு வேலை இல்லை.

"அஞ்சாவது?"

"காலி."

"அந்தக் காலியை எங்களுக்குக் குடுங்க சார், போதும்."

லைன் முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் பார்க்கவே மாட்டார்கள் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா, இன்னிக்கு நீ அடிச்ச கூத்து என் மேசை வரைக்கும் கேட்டுச்சு."

"நல்லாருந்துச்சா அத்தை?"

"நல்லாத்தான் இருந்துச்சு. குரங்கு கையில பூமாலை மாதிரி, உன் வாயில சங்கம். இதோ பாரு, ரெண்டு பேரும் ஒரே கதவு வழியாத்தான் உள்ள போறோம். அவங்க சாத்தினா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சாத்துவாங்க. அப்புறம் இந்த வீட்டுல யாரு அடுப்பு மூட்டறது? உன் புருஷனா?"

உள்ளறையில் புருஷன் செய்தியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டான்.

"பாக்கெட் வந்துரும் அத்தை."

"வரட்டும். துணி வாங்கற கம்பெனியிலேருந்து அடுத்த வாரம் ஆளுங்க வர்றாங்கல்ல? அவங்க திரும்பிப் போற அன்னிக்குச் சாயங்காலம் உன் கோட்டுல பாக்கெட் இருந்தா, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா மறுநாள் நீ சங்கத்துலேருந்து பேரை எடுத்துடணும். சம்மதமா?"

கோபத்தில் ஊசி "சம்மதம்" என்றுவிட்டாள். படுத்த பிறகுதான் யோசித்தாள். இத்தனை வருஷம் அவள் வாயை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருத்தரும் அதை ஒரு காரியத்துக்குக் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். அதைப் போய் ஒரு வெங்காயத் தகராறில் பந்தயம் வைத்துவிட்டாளே.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கேமராவைத் தோளில் சுமந்த ஒரு பெண்ணும், அவளுக்குக் குடை மாதிரி விளக்குப் பிடிக்க இரண்டு பேரும். அந்தக் கம்பெனி அந்த வருஷம்தான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தது, பெண்களுக்கும் கை இருக்கிறது என்று. புதுப் பேண்ட்டுகளில் நிஜப் பாக்கெட். சுவரில் ஒரு பேனரும் கட்டினார்கள்: "அவள் பையில் அவள் உலகம்."

"உலகத்தை வைக்கற ஆழம் குடுக்கலையே" என்றாள் காஜாக்காரி. "அரைச் சாண்தான் வெட்டி வந்திருக்கு."

"சின்ன உலகமா இருக்கும்" என்றாள் ஊசி.

கேமராக்காரப் பெண் லைனைச் சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "நான் என்ன நினைக்கறேன்னா, இந்தப் பாக்கெட்டைத் தைக்கற நீங்க எல்லாரும் எழுந்து நின்னு, உங்க கோட்டுப் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு, கேமராவைப் பாத்து ஜாலியா சிரிக்கணும். அவ்வளவுதான்."

லைனில் ஒருத்தி கையைக் கோட்டின் மேலேயே இரண்டு முறை வழித்துக் காட்டினாள். ஈரக் கையைத் துடைக்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண்ணும் சிரித்தாள். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"முதல்ல சாப்பிடலாம் மேடம். அத்தை, மேடத்தைக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பின்னாடியே வந்துடறேன்."

அத்தையின் தலை மறைந்ததும் மேனேஜர் லைனைத் தன்னைச் சுற்றிக் கூட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் கோட்டைக் கழட்டுங்க. கட்டிங்லேருந்து துணி வருது. ஆளுக்கு ஒரு பாக்கெட். சங்கிலித் தையல் போதும், சாக்கு மூட்டை வாய்க்குப் போடுவாங்களே, அது. நுனியைப் பிடிச்சு இழுத்தா மொத்தமா உருவி வந்துரணும். படம் முடிஞ்சதும் உருவிடுவோம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் ஊசி. அவள் கேட்ட பாக்கெட்டை அவளே தைத்து, சாயங்காலத்துக்குள் அவளே உருவ வேண்டும். பந்தயம் போச்சு, சங்கம் போச்சு.

மிஷின்கள் பறந்தன. அந்தத் தொழிற்சாலையில் தையல் விழுந்த எந்தத் துணியும் செக்கிங் மேசைக்குப் போகாமல் வெளியே வந்ததில்லை. இதை அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. கை பழக்கத்தில் தள்ளியது, கோட்டுகள் போய் மேசையில் குவிந்தன.

விருந்தாளிகளை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு அத்தை வந்து உட்கார்ந்தார். குவியலைப் பார்த்தார். "பரவாயில்லையே, நிஜமாவே குடுத்துட்டாங்களா?" என்று முனகிக்கொண்டு முதல் கோட்டை எடுத்தார். தூக்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்.

சர்ர்.

பாக்கெட் தனியாக அவர் கையில் இருந்தது.

"யாரு தைச்சது இதை?"

"நான்தான் அத்தை."

"அதானே பாத்தேன். ரிஜெக்ட்."

"அத்தை, அது இழுத்தா வரணும்னுதான்..."

"இழுத்தா வர்றதுக்குப் பேரு தையலா? மூக்கைச் சிந்தினா கூடத்தான் இழுத்தா வருது. ஊருக்கெல்லாம் பாக்கெட் வச்சுக் குடுக்கறே, உனக்குன்னு வந்தா இந்த லட்சணமா? பூட்டுத் தையல் ரெண்டு வரிசை போடு. மூலைக்கு மூலை பார்டாக் அடி."

பார்டாக் என்றால் மிஷின் ஊசி ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஓடி அடிக்கிற நெருக்கமான முடிச்சு. பாக்கெட் மூலையில் அதை அடித்துவிட்டால் துணி கிழியும், முடிச்சு போகாது.

"இல்ல அத்தை, மேனேஜர் என்ன சொன்னார்னா..."

மிஷினுக்கு அடியில் காஜாக்காரியின் செருப்பு ஊசியின் கால் விரலை மிதித்தது. ஊசி திரும்பினாள். காஜாக்காரியின் முகத்தில் ஒரு வெளிச்சம். ஊசிக்கும் அது பற்றிக்கொண்டது.

"என்ன சொன்னார்?" என்றார் அத்தை.

"நல்லாத் தைக்கச் சொன்னார் அத்தை."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஊசி வாயை மூடிக்கொண்டாள். அதற்குள் அத்தை அடுத்ததை எடுத்தார், சர்ர், ரிஜெக்ட். அதற்கடுத்தது, சர்ர், ரிஜெக்ட். லைன் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியது. ஒருத்தி சிரிப்பை அடக்க நூல்கண்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு பீஸ் தேறலையே, இன்னிக்கு எல்லாருக்கும் பேயா பிடிச்சிருக்கு?" என்று அத்தை கத்தக் கத்த, பூட்டுத் தையல் இரண்டு வரிசையும் பார்டாக்கும் மழை மாதிரி விழுந்தன. அத்தை தன் கோட்டையும் கழற்றிக் கொடுத்துப் பாக்கெட் வைத்து வாங்கிக்கொண்டார். அதையும் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்.

படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நிறுத்தச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கேமரா மேனேஜர் பக்கம் திரும்பியது.

"இவங்களுக்கு இந்தப் பாக்கெட் எப்போதிலேருந்து இருக்கு சார்?"

"எப்பவுமே உண்டு மேடம்" என்றார் மேனேஜர், கேமராவைப் பார்த்து. "அது எங்க கொள்கை."

"அருமை. அடுத்த சீசனுக்கும் இங்கதான் வருவேன்."

வண்டி வாசலைத் தாண்டியது. மேனேஜர் கையைத் தட்டினார். "சரி, உருவுங்க." யாரும் அசையவில்லை. அவரே வந்து காஜாக்காரியின் பாக்கெட்டில் நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். பாக்கெட் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். காஜாக்காரி வந்தாள்.

"என்னது இது? யாரு இதைப் பாஸ் பண்ணது?"

சிரிப்பு சட்டென்று நின்றது. மேசையிலிருந்து அத்தை எழுந்தார்.

"நான்தான் சார். என்ன குறை?"

"உருவி எடுக்கற மாதிரித் தைக்கச் சொல்லியிருந்தேனேம்மா. படத்துக்கு மட்டும்தானே. உங்க மருமககிட்டயே சொன்னேனே."

அத்தை திரும்பி ஊசியைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே கதவு என்று அத்தை பயந்தாரே, அந்தக் கதவுக்கு நேராக அத்தையையே கொண்டுபோய் நிறுத்தியாயிற்று.

"அத்தைக்குத் தெரியாது சார்" என்று முன்னால் வந்தாள். "நான்தான் சொல்லலை. கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அத்தை. மேனேஜர் பக்கம் திரும்பினார். "பிச்சு எடுக்கறதுக்குன்னே தைச்சதை என் மேசை வழியா அனுப்பினீங்களா சார்?"

"இது ஆர்டர் இல்லம்மா, சும்மா கோட்டு."

"எனக்குக் கோட்டும் ஒண்ணுதான், கோமணமும் ஒண்ணுதான். நான் பாஸ் பண்ண பீஸை இதுவரைக்கும் யாரும் பிரிச்சதில்லை. பிரிக்கணும்னா நான் ரிஜெக்ட் போடணும். எங்க குறைன்னு காட்டுங்க, போட்டுடறேன்."

மேனேஜர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார். குறை இருந்தால்தானே.

"கத்திரியால வெட்டினா?"

"கோட்டு கிழியும்" என்றார் அத்தை.

"அதுவும் இல்லாம சார்," ஊசி மெதுவாக ஆரம்பித்தாள், "எப்பவுமே உண்டுன்னு கேமராவுல சொல்லிட்டீங்க. அந்த மேடம் அடுத்த சீசனுக்கு வர்றாங்களாம். வந்து, எங்கே பாக்கெட்டுன்னு எங்களைக் கேட்டா நாங்க என்ன சார் சொல்றது? எங்களுக்குப் பொய் சொல்லவும் வராது."

கடைசி வாக்கியத்துக்கு லைனில் யாரோ தும்மினார்கள், அல்லது சிரித்தார்கள். மேனேஜர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் பாக்கெட்டுகளிலேயே வைத்துக்கொண்டு, "போய் வேலையைப் பாருங்க" என்றபடி நடந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ஊசி அவர் வேகத்துக்கு ஓடி ஓடி நடந்தாள்.

"தப்புதான் அத்தை. உங்களைப் போய் மாட்டிவிட்டுட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதானே சும்மா இருந்தே?"

"ஆமா."

"வாயைத் திறந்தா மூடாதவ, அத்தனை நேரம் எப்படி இருந்தே?"

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அத்தை. நீங்க மூக்கைச் சிந்தற கதை சொன்னப்போ செத்தே போயிருப்பேன்."

அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டார். இரண்டடி நடந்தார். பிறகு தோள் குலுங்கியது. நடைபாதையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மனுஷி சிரித்த சிரிப்பில் எதிரே வந்த சைக்கிள்காரன் இறங்கி நின்றுவிட்டான்.

"போகட்டும். நீ சங்கத்துலேயே இரு. சொன்ன சொல்லு சொன்னதுதான், நான் வாயே திறக்கலை."

கண்ணாடியை, போட்டுக்கொண்டே வந்துவிட்ட கோட்டின் பாக்கெட்டில் வைக்கப் போனார். இடது கை உடம்பைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கத்துக்குப் போய்த் தடுமாறியது. மறுபடி முயன்றார்.

"ஏம்மா, எல்லாத்துக்கும் வலப்பக்கமே வச்சிருக்கீங்களே. நான் இடக்கைக்காரின்னு உனக்குத் தெரியாதா?"

"அவசரத்துல மறந்துட்டேன் அத்தை."

"இடக்கைக்காரங்க லைனுக்கு லைன் இருப்பாங்க. இதைச் சங்கத்துல சேர்ந்துதான் கேக்கணுமா, சும்மாவே கேக்கலாமா?"

"சும்மா கேட்டா பாக்கலாம்னு சொல்லுவாங்க அத்தை."

"பாக்கலாம்னா சொல்லுவாங்க?" அத்தை நடையை எட்டிப் போட்டார். "என்கிட்டயா?"