வயிற்றில் தங்கிய பிஸ்கட்

மரகதத்துக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரை மூன்று முறை தேய்ப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பாள். ஜீவனஹள்ளியில் அவள் குடியிருந்த தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. அப்படிப்பட்டவள் சுந்தரேசனின் பேக்கரியில் நாலு வருஷம் நிலைத்தாள் என்றால், அந்த இடத்தின் சுத்தத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுந்தரேசன் நெற்றி நிறைய விபூதி பூசியவர். செருப்பை வாசலிலேயே விட வேண்டும், தலைக்குத் துணி கட்ட வேண்டும், முட்டை என்ற பேச்சே கடைக்குள் எடுக்கக் கூடாது. ரிங் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு அவர் கண்டுபிடித்ததுதான் ஓட்ஸ் தேங்காய் கிரீம் பிஸ்கட். உடம்புக்கு நல்லது என்று கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள்.

அடுப்பு வேலை நாராயணசாமியுடையது. விடியலிலேயே வந்து தேங்காய்த் துருவலைப் பேக்கரி அடுப்பில் உலர்த்தி டின்னில் அடைத்து வைத்துவிடுவார். மரகதம் வரும்போது டின் தயாராக இருக்கும். ஓட்ஸை வறுத்துக் கொரகொரப்பாக அரைப்பது, மாவு பிசைந்து வட்டமாக வெட்டுவது, வெந்த பிஸ்கட்டைக் கவிழ்த்து வைத்து நடுவில் கிரீம் தடவி இன்னொன்றால் மூடி அமுக்குவது எல்லாம் அவள் பாடு. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து அடித்த கிரீமை ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் தொட்டு ருசி பார்ப்பதும் அவள்தான். நாராயணசாமி மட்டும் ஒரு துண்டுகூட வாயில் போட மாட்டார். கேட்டால், "தேங்காய் எனக்கு ஒத்துக்காதும்மா" என்பார்.

இந்த பிஸ்கட்தான் இரண்டு மாதமாக மரகதத்தின் மகள் சௌம்யாவின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. ஓசூரில் புருஷன் வீட்டிலிருந்து வாந்தியோடு வந்தவள். இப்போது ஐந்தாம் மாதம். சோறு வாசனை ஆகாது, ரசம் ஆகாது, வெறும் தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. எடை ஏறவில்லை, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மரகதம் கொண்டுவரும் பிஸ்கட் மட்டும், காலையில் இரண்டு மாலையில் இரண்டு, உள்ளே போனால் போன இடத்தில் தங்கியது.

எல்லாம் கண்ணேறு என்று மரகதம் முடிவு கட்டினாள். எதிர் வீட்டு ஷோபா வேறு, "வயிறு கூரா இருக்கே, பையன்தான்" என்று வாசலில் நின்று கத்தியிருந்தாள். அமாவாசை அன்று சாயங்காலம் மகளைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, அவள் கிளிப்பச்சைச் சேலையின் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவித் தேங்காய்க் குடுமியில் கட்டி, மேலே சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். முச்சந்தியில் ஓங்கி உடைத்தாள். கடைக்காரர்கள் உடைத்த தேங்காயும் பூசணியும் அங்கே ஏற்கெனவே சிதறிக் கிடந்தன. உடைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவளும் பார்க்காமல் வந்துவிட்டாள்.

மறுநாள் நாராயணசாமி வரவில்லை. ஆனேக்கல்லில் தங்கை வீட்டு விசேஷமாம்.

"மரகதம்மா, பின்கட்டுல சாக்குல தேங்காய் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நீங்களே ஓட்டைத் தட்டிட்டு, கழுவித் துருவிடுங்க" என்றார் சுந்தரேசன், கல்லாவில் ஊதுபத்தி காட்டிக்கொண்டே.

சாக்கை அவிழ்த்ததும் சூடத்தின் வாடை குப்பென்று வந்தது. முழுத் தேங்காய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உடைந்த சில்லுகள். ஒன்றில் குங்குமம் குழைந்து ரத்தம் போல வழிந்திருந்தது. ஒன்றின் வெள்ளையில் லாரி டயரின் கறுப்புத் தடம். இன்னொன்றில் நசுங்கிய எலுமிச்சம்பழமும் யாருடையதோ ஒரு தலைமுடியும் ஒட்டியிருந்தன. அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் நம்ப மனசில்லாமல் கையை விட்டுத் துழாவினாள். அடியில் குடுமியோடு ஒரு சில்லு வந்தது. குடுமியில் கிளிப்பச்சை நூல்.

அவள் போட்ட முடிச்சு. அவள் கை.

ஊரார் தங்கள் வீட்டுப் பீடையை எல்லாம் சுற்றித் தெருவில் எறிந்ததை, நாய் மோந்து பார்த்ததை, வண்டிச் சக்கரம் ஏறிப் போனதை, இத்தனை நாளும் விரலால் தொட்டு நக்கியிருக்கிறாள். பெற்ற மகளுக்கு ஊட்டியிருக்கிறாள். இன்று காலையில்கூட இரண்டு! வயிற்றிலிருந்து புளிப்பாக ஒன்று தொண்டை வரை ஏறியது. பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டு, சில்லைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

கம்பெனிப் பெண் ஒருத்தி பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தாள். மரகதம் சில்லைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"இது என்ன சார்?"

சுந்தரேசன் சட்டென்று அதன்மேல் பேப்பரை இழுத்துப் போட்டார். "உள்ள போய்ப் பேசலாம், மரகதம்மா."

"நேத்து என் பொண்ணுக்குச் சுத்தி முச்சந்தியில நான் உடைச்சது சார் இது. நூலு நான் கட்டுனது."

அவர் குரல் தணிந்தது. "கழுவிட்டா எல்லாம் தேங்காய்தானேம்மா? அடுப்புச் சூட்டுல எந்தத் தோஷம் நிக்கும், சொல்லுங்க?"

மரகதம் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். "அப்ப இதைச் சாப்பிடுங்க."

சுந்தரேசன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் வெளியில எதுவும் சாப்பிடறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இது உங்க கடை சார்! இதா வெளியில?"

கம்பெனிப் பெண் பெட்டியை இரண்டு விரலால் பிடித்து மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனாள். மரகதம் தலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தாள். தேங்காய் நாராயணசாமிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெருமுனையில்தான் உறைத்தது. காறித் துப்பினாள். பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

வீட்டில் சௌம்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அதுக்குள்ள வந்துட்டியா? பிஸ்கட் எங்கம்மா?"

சொன்னால் அவ்வளவுதான். குடலே வெளியே வந்துவிடும், அப்புறம் இந்த ஜென்மத்தில் எதையும் தொட மாட்டாள். மரகதம் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கு நம்ம வீட்டுலயே சூடாப் போடப்போறேன்டி."

கடையில் குவியலைக் கிளறி, மட்டை உரித்த முழுத் தேங்காயாகப் பார்த்து வாங்கி வந்தாள். ஓட்டைக் கழுவி, உடைத்து, உள்ளேயும் கழுவினாள். ஓட்ஸை வறுத்தாள். துருவலை ஈரம் போக வாணலியில் புரட்டினாள். குக்கரில் மணல் பரப்பி, விசிலையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, தட்டில் அடுக்கி மூடினாள். முதல் தட்டின் அடி கருகியது. இரண்டாவது பொன்னிறமாக வந்தது. ஆறவிட்டு, கிரீமை அடித்து நடுவில் தடவி மூடினாள். விரல் நுனியை வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக் கையைக் கழுவினாள்.

சௌம்யா ஒன்று தின்றாள். இன்னொன்றும் தின்றாள். மரகதம் வாந்திக்கு வைத்திருந்த பேசினை அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷோபா வீட்டுக் குக்கர் நாலு விசில் விட்டு அடங்கியது. ஒன்றும் வரவில்லை. சௌம்யா மூன்றாவதை எடுத்தாள். மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாருக்கும்மா. ஆனா அந்த வாசனை மட்டும் இல்ல" என்றாள் சௌம்யா, மென்றுகொண்டே. "உங்க கடை பிஸ்கட்ல, கோயிலுக்குள்ள போனா வருமே, அது மாதிரி ஒண்ணு லேசா வரும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

மரகதம் பேசினைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். காலையிலிருந்து பல்லைக் கடித்து அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சௌம்யா மெல்ல எழுந்து வந்து, ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் முதுகைத் தடவிவிட்டாள்.

"என்னம்மா, எனக்கு நின்னதும் உனக்கு ஆரம்பிச்சிடுச்சா?"