முப்பது வோல்ட்டுக்குள் ஒரு செய்தி

கோவில்பட்டியில் அறுபது வோல்ட்டுக்கு மேற்பட்ட செய்தியை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்கும் மிக்சிக்கும் உள்ள பாதுகாப்பு விதிதான் செய்திக்கும். ஆளைத் தூக்கி அடிக்காமல் இருக்க வேண்டும். காய்ந்த உடம்புக்கு அறுபது. ஈரத்தில் அதிர்ச்சி சுலபமாக ஏறும் என்பதால் ஈர உடம்புக்கு முப்பது.

அளந்து முத்திரை குத்துவது ஜெயக்கொடியின் வேலை. சொல்ல வேண்டியவர் மீட்டரின் வாயருகே குனிந்து செய்தியை முணுமுணுப்பார். அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, ரப்பர் விரிப்பில் நின்று முள்ளைப் பார்ப்பாள். நல்லதா கெட்டதா என்று மீட்டர் பிரித்துப் பார்க்காது. பேரன் பிறந்தாலும் நாற்பத்தைந்து, வேலை போனாலும் நாற்பத்தைந்து. பதினோரு வருடத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றுதானே என்று ஓர் அறுபத்தொன்றை விட்டுவிட்டாள். அதைக் கேட்ட தையல்காரருக்கு ஒரு வாரம் தலைமுடி படியவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் எதையும் விட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மரகதவல்லி என்ற பெண் வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. மீட்டரில் சொன்னாள். முள் ஐம்பத்து நான்கில் நின்றது.

ஜெயக்கொடி பஞ்சை எடுத்தாள். "தாராளமா சொல்லலாம்க்கா. யாருகிட்ட?"

"வீட்டுக்காரர்கிட்ட மேடம். ஆனா அவரு ரெண்டு காலையும் வாளித் தண்ணிக்குள்ள வச்சிருக்காரு."

"எப்ப எடுப்பாரு?"

"நாலு மாசமா எடுக்கல."

நான்கு மாதத்துக்கு முன்பு அவள் கணவரிடம், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றிருக்கிறாள். அந்த ஒரு வாக்கியத்துக்கே ஒன்பது வோல்ட் உண்டு. கணவர் சீனிராஜ் வீட்டிலேயே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், விதி தெரிந்தவர். உடனே எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, மேசைக்கடியில் வைத்துக் கால்களை உள்ளே விட்டுக்கொண்டார். அன்று முதல் அவருடைய அளவு முப்பது.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லியாகணும் மேடம். சொல்லாமப் போக எனக்கு மனசு வரல" என்றாள் மரகதம்.

ஜெயக்கொடி மீட்டரையும் முத்திரைக் கட்டையையும் விதிப்புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு கூடவே போனாள்.

சீனிராஜ் மரியாதையாக வரவேற்றார். "உக்காருங்கம்மா. தண்ணி இன்னைக்குத்தான் மாத்துனது. வேணும்னா தொட்டுப் பாத்துக்கிடுங்க."

தொட்டுப் பார்த்தாள். ஈரம் சட்டப்படி சரியாக இருந்தது.

முதலில், மின்கம்பிக்கு உறை போடுவதுபோல, இரட்டைக் காப்பு போட்டுப் பார்த்தாள். மரகதம் தன் செய்தியைத் தக்காளி விலைக்கும், எதிர்வீட்டுக் குழாய் சரியானதற்கும் நடுவில் வைத்து மீட்டரில் சொன்னாள். நாற்பத்தாறு. மூன்றாவது உறைக்கு விதியில் இடமில்லை.

"சரி, கூறு போட்டுச் சொல்லுங்கக்கா. ஒவ்வொரு கூறையும் மொதல்ல மீட்டர்ல. நடுவுல ஒரு நிமிஷம் ஆறணும்."

மரகதம் முதல் கூறை மீட்டரில் சொல்லிவிட்டுக் கணவரிடம் திரும்பினாள். "நான் வண்டி ஓட்டப் படிச்சிட்டேன்." பதினான்கு.

மேசையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்கள் ஒரு நிமிடத்தை எண்ணி முடித்தன.

"ஸ்கூட்டரா?" என்றார் சீனிராஜ்.

"அதவிடப் பெருசு." பதினெட்டு.

"காரா?"

"சக்கரம் இன்னும் கூட." இருபத்திரண்டு.

"எத்தன?"

"பத்து." இருபத்தொன்பது.

சீனிராஜ் கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்ப காலையில கோயிலுக்குன்னு போனது?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு." அது வெறும் பதினொன்று.

ஒரே ஒரு கூறுதான் மிச்சம். மரகதம் மீட்டரில் குனிந்தாள். முள் முப்பத்தொன்றுக்குப் போய் நின்றது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுச் சொன்னாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். முப்பத்தொன்று.

"ஒண்ணுதான மேடம்" என்றாள்.

ஜெயக்கொடிக்கு விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. கையில் முத்திரைக் கட்டை கனத்தது. தொப்பியோடு சோற்றைப் பிசைந்த மனிதரின் முகம் வந்து நின்றது.

"முடியாதுக்கா."

மரகதம் அடுப்படி வாசலில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அந்த முதுகைச் சீனிராஜ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவும்மா அதிகம்?"

"ஒரு வோல்ட் அண்ணாச்சி."

அவர் வலது காலைத் தூக்கி வெளியே எடுத்தார். ஊறவைத்த பாதாம் பருப்பு மாதிரி அது வெளுத்துச் சுருங்கியிருந்தது. தரையில் வைக்கக் கூச்சப்பட்டு அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மரகதம் திரும்பிப் பார்த்தாள். வந்து கீழே உட்கார்ந்து, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். ஜெயக்கொடி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு கால் ஈரம், ஒரு கால் உலர்வு: நாற்பத்தைந்து.

"சொல்லுங்கக்கா."

"திங்கக்கிழமை தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூருக்குப் போறேன். இனிமே இதுதான் என் வேல. மாசத்துல பத்து நாளுதான் வீட்டுல இருப்பேன்."

சீனிராஜின் கைமுடிகள் சிலிர்த்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் படிந்தன.

"இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னுல்ல நெனச்சு உக்காந்திருந்தேன்."

"என்னன்னு?"

அவர் மீட்டரைத் தன் பக்கம் இழுத்தார். ஜெயக்கொடி அவசரமாகப் பஞ்சை வைத்துக்கொண்டாள். அவர் முணுமுணுத்தார். ஐம்பத்தெட்டு. அவள் மரகதத்தைப் பார்த்தாள். இரண்டு கன்னங்களும் நனைந்திருந்தன.

"இப்ப சொல்ல முடியாது அண்ணாச்சி."

"பரவால்ல. போயிட்டு வரட்டும்" என்றார் சீனிராஜ்.

ஜெயக்கொடி மரகதத்தின் செய்திக்கு முத்திரை குத்தினாள்.

திங்கட்கிழமை காலை மரகதம் லாரியைத் தெருவுக்குள் ஓட்டிவந்தாள். சீனிராஜ் வாசலில் நின்று தூக்குச்சட்டியை எட்டிக் கொடுத்தார். புளியோதரை, இரண்டு வேளைக்குத் தாங்கும். அவர்கள் வீட்டுக்கு அப்பால் தெரு குறுகல்; ஹாரன் கேட்டால் வீடுகள் வழிவிட வேண்டும் என்பதும் ஊர் விதிதான். அவள் ஒரு முறை ஹாரன் அடித்தாள். மேற்கு வரிசை வீடுகள் எழுந்து, மூன்றடி பின்னால் போய் உட்கார்ந்தன. மூன்றாம் வீட்டுக்காரர் முகச்சவரம் செய்துகொண்டிருந்ததால், அந்த வீடு மட்டும் அவர் அடுத்த கன்னத்தையும் முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து நகர்ந்தது.