இலஞ்சிவிளையில் ரயில் நிற்க வேண்டுமா

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இலஞ்சிவிளை என்று ஒரு ஹால்ட் உண்டு. ஸ்டேஷன் என்று சொல்ல வாய் கூசும். ஒரு குட்டை பிளாட்பாரம், ஓடு போட்ட ஓர் அறை, அதற்குள் கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கும் சுகுமாரி, வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவ்வளவுதான். காலையில் திருவனந்தபுரம் போகும் பாசஞ்சரும், சாயங்காலம் அங்கிருந்து திரும்பும் பாசஞ்சரும் ஆள் ஏறி இறங்குகிற நேரம் நின்றுவிட்டுப் போய்விடும்.

காலை வண்டி போனதும் அந்தப் பெஞ்சில் மத்திய சர்க்காரின் மீதான விசாரணை தொடங்கும். ஒரு முனையில் ராஜதாஸ். சிமெண்ட் கட்டை வார்க்கும் களம் வைத்திருப்பவர். மறுமுனையில் கிருஷ்ணன்குட்டி, சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நடுவில் சாயா கிளாஸ்கள். ராஜதாஸ் பேசத் தொடங்குமுன் தொண்டையை ஒரு செருமு செருமுவார் பாருங்கள், பாதையோரம் மேய்கிற ஆடுகூட நிமிர்ந்து பார்க்கும்.

"அண்ணே, நடுவுல இருக்க சர்க்காருக்கு என்ன வேலை? ராணுவம், ரூவா நோட்டு, வெளிநாட்டுக்காரன்கூட பேச்சு. இது போதும். மிச்சத்த மாநிலமும் பஞ்சாயத்தும் பாத்துக்கிடும். நாம கெட்டுத வரி டெல்லிக்குப் போயி திரும்பி வாறதுக்குள்ள எலும்பும் தோலுமா மெலிஞ்சுருது. எதுக்கு இந்த யாத்திரை?"

"பஞ்சாயத்து முதல்ல அந்தத் தெருவிளக்க எரிய வைக்கட்டு" என்பார் கிருஷ்ணன்குட்டி. "எலே ராஜதாசு, பொழியூர்ல கடலு கேறி வருது. வீட்ட விட்டுட்டு ஆளுவ ஓடுது. அதுக்குக் கல்லு கொண்டு போட பஞ்சாயத்துக்கக் கையில பைசா உண்டா?"

"பெரிய சர்க்காரு வந்து போட்டுதா? டெல்லியில இருக்கவனுக்குப் பொழியூரு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"தெரியாட்டா தெரிய வைக்கணும். சர்க்கார சின்னதாக்கினா கடலு சின்னதாவுமாலே?"

"பெருசாக்கினா மட்டும் கடலு பயந்து ஓடுமா?"

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. வெயில் பெஞ்சுக்கு வந்ததும் ராஜதாஸ் களத்துக்குப் போவார், கிருஷ்ணன்குட்டி வீட்டுக்குப் போவார். மறுநாள் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. டிக்கெட் விற்பனை குறைந்த ஹால்ட்டுகளைப் பார்வையிட ஓர் அதிகாரி வரப்போகிறார், தேறாதவற்றை மூடிவிடுவார்கள். இலஞ்சிவிளை தேறுமா? தினமும் வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாகத்தான் ஏறுகிறார்கள். ஆனால் எல்லாரும் சீசன் டிக்கெட்டைத் திருவனந்தபுரத்தில், தம்பானூர் ஸ்டேஷனில் எடுக்கிறார்கள். சுகுமாரி விற்பது அங்கொன்றும் இங்கொன்றும்தான். கணக்குப்படி பார்த்தால் இலஞ்சிவிளையில் மனுஷரே ஏறுவதில்லை.

கிருஷ்ணன்குட்டிக்குக் கொண்டாட்டம். "இப்பச் சொல்லுலே பாப்போம். நஷ்டத்துல ஓடுதத மூடணும், இல்லியா?"

ராஜதாஸ் அசரவில்லை. "மூடட்டும். எனக்க ஊருன்னா நியாயம் மாறிருமா?"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். சொந்த ஊருக்கு எதிராகவே நியாயம் பேசிய பெருமிதம் அவருக்கு. அதே சூட்டோடு மனைவி லீலாபாயிடமும் சொன்னார். லீலாபாய் தம்பானூர்ப் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். தினமும் அந்த ரயிலில்தான் போய்வருகிறாள். ஹால்ட்டை மூடினால் மெயின் ரோடுவரை நடந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுடைய முட்டுவலிக்கு அது ஆகிற காரியமில்லை.

"மூடினா மூடட்டு. நான் வேலைய விட்டுட்டு இஞ்சயே கெடக்கேன்" என்றாள். பிறகு குழாயைத் திறந்து அரிசி களையத் தொடங்கினாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து அவள் ஒற்றசேகரமங்கலம் போனபின் அந்த வீட்டில் பேச்சு ஒருவழிப் பாதையாகிவிட்டது. ராஜதாஸ் பேசுவார், லீலாபாய் வேலை பார்ப்பாள். எதிர்த்துப் பேசாவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொள்வார். நல்லதுதான், முட்டுக்கும் ஓய்வு கிடைக்கும், களத்து வருமானம் இரண்டு பேருக்குத் தாராளம் என்று கணக்கை அன்றைக்கே முடித்துவிட்டார்.

ஊர் அப்படி முடிக்கவில்லை. ரெசிடென்ஸ் அசோசியேஷன் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு வீடும் முறை வைத்து சுகுமாரியிடம் டிக்கெட் எடுக்க வேண்டும். பயணம் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. அதிகாரி வருகிறவரை விற்பனையை ஏற்றிக் காட்ட வேண்டும்.

ராஜதாஸ் துள்ளி எழுந்தார். "போவாத யாத்திரைக்கு டிக்கெட்டா? கள்ளக்கணக்காக்கும் இது!"

அடுத்த நாற்காலியிலிருந்து கிருஷ்ணன்குட்டியும் எழுந்தார். "நானும் எடுக்க மாட்டேன். ரயிலு விடுதது சர்க்காருக்க கடமை. நாம காசு குடுத்துக் காப்பாத்தினா, அவன் செய்யாண்டாம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி."

சுகுமாரிக்கு வந்ததே கோபம். "இத்தன காலமா நாயும் பூனையுமா சண்டை போட்டீங்க. ஒத்துப்போனது எனக்க வயித்துல அடிக்கதுக்கா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முகம் கொடுத்துக்கொள்ளாமலே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சில நாள் கழித்து ராஜதாஸ் வீட்டு முறை வந்தது. காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகப் பெஞ்சுக்கு வந்தவரின் கையில் சுகுமாரி ஒரு டிக்கெட்டைத் திணித்தாள். நெய்யாற்றின்கரைக்கு ஒருவழி டிக்கெட்.

"நான் எடுக்க மாட்டேன்னு சொன்னேன்லா?"

"நீங்க எடுக்காண்டாம் அண்ணே. லீலக்கா பைசா தந்தாச்சு. அக்காவுக்கு சீசன் உண்டு. இது உங்களுக்கு."

அவருக்கு வந்த சங்கடத்தைப் பாருங்கள். கிழித்துப் போடலாம் என்றால் அது வீண்செலவு. வீண்செலவு அவருக்கு ஆகவே ஆகாது. பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம் என்றால் அது கள்ளக்கணக்கு. அதற்குள் வண்டி வந்து நின்றது. எளவு, போய்த்தான் தொலைவோம் என்று ஓடிப்போய் ஏறினார்.

ஏறிய பெட்டியில் வாசல் பக்கம் ஒரு சீட் கிடைத்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே பெண்கள் கூட்டம். புட்டும் பயறும் மணந்தது. டிபன் சம்படங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தி, "லீலக்கா, இண்ணைக்கு சர்க்காரு உண்டா?" என்று கேட்டாள். "உண்டு, உண்டு" என்று ஒரு குரல்.

அடுத்து ராஜதாஸுக்குத் தன் தொண்டைச் செருமலே கேட்டது.

"க்ர்ர்ஹூம்! நடுவுல இருக்க சர்க்காருக்கு என்ன வேலை? ராணுவம், ரூவா நோட்டு, வெளிநாட்டுக்காரன்கூட பேச்சு. இது போதும்."

"கறிக்கு உப்பு, லீலக்கா?"

"க்ர்ர்ஹூம்! உப்ப பஞ்சாயத்து பாத்துக்கிடும்."

பெட்டியே சிரிப்பில் குலுங்கியது. லீலாபாய் விடவில்லை. அவர் கையை ஆட்டுவது, சாயாவை ஊதுவது, கிருஷ்ணன்குட்டி பேசும்போது வானத்தைப் பார்ப்பது, லீவு நாட்களில் அவள் பார்த்து வைத்திருந்த எல்லாம் வந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. "சந்தையில போயி மீனு வாங்கிட்டு வாருங்கன்னு நான் சொல்லுகது. உடனே கேப்பாரு, அந்த அதிகாரத்தக் கீழ்மட்டத்துக்கு விட்டுக் குடுத்தா என்னன்னு. கீழ்மட்டம் யாரு? நானாக்கும்!" பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "எனக்க வீட்டுல மத்திய சர்க்காரும் நான்தான், கேட்டியளா? சோறு, துணி, கரண்டு பில்லு, மருந்து. எதக் குறைக்கணும்னு ஒருநாள் அவருகிட்டயே கேக்கணும். கேட்டா சாயா குடிக்கப் போயிருவாரு."

முதலில் ராஜதாஸுக்குக் காது சுட்டது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று கால் பரபரத்தது. தடுப்பின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். லீலாபாய் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவர் எங்கே கடைசியாகப் பார்த்தார்? கல்யாணமான புதிதிலா? யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. தன் வீட்டுக்காரிக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவருக்குத் தெரியாது. கோபம் போன இடம் தெரியவில்லை. தன்மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

நெய்யாற்றின்கரையில் முகம் காட்டாமல் இறங்கி பஸ் பிடித்து ஊர் வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெஞ்சில் கிருஷ்ணன்குட்டி எவ்வளவோ சீண்டிப் பார்த்தும் சரியாகப் பிடிகொடுக்கவில்லை. "என்னலே, சொகமில்லியா?" என்று அவரே பயந்துபோய்க் கேட்டார்.

அதிகாரி ஒரு சாயங்கால வண்டியில் வந்து இறங்கினார். அதே வண்டியில் வந்த பெண்களும் வீட்டுக்குப் போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்றார்கள். ஊர் கூடிவிட்டது. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார்.

கிருஷ்ணன்குட்டி நன்றாகவே பேசினார். சீசன் டிக்கெட்டெல்லாம் தம்பானூர்க் கணக்கில் ஏறுவதை எடுத்துச் சொன்னார். சர்க்கார் என்பது கடை இல்லை, லாபம் வந்தால் திறப்பது, வராவிட்டால் அடைப்பது என்று இருக்க முடியாது என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். எந்த இடத்தில் விற்றதோ அந்த இடத்துக்குத்தான் வரவு, நாடு முழுக்க அதே முறைதான், ஒரு ஊருக்காக மாற்ற முடியாது என்றும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

பிறகு ராஜதாஸ் எழுந்தார். போச்சு என்றது ஊர். மூடட்டும் என்று இந்த ஆள் சொல்லப்போகிறார், அதிகாரிக்கு அதுவே போதும்! சுகுமாரி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ராஜதாஸ் தொண்டையைச் செருமினார்.

பின்னால் நின்ற பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அடக்க முடியவில்லை, பாவம். லீலாபாய் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனையே பார்த்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"சார், இந்த ஹால்ட்டு நஷ்டம்தான்" என்றார் ராஜதாஸ். "அத மறைக்க மாட்டேன். நஷ்டத்துல ஓடுதத மூடணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவனாக்கும் நான். இப்பவும் அதுல பாதி சரின்னுதான் தோணுது. ஆனாலும் வண்டி இஞ்ச நிக்கணும்."

"அதுக்குக் காரணம்?"

ராஜதாஸ் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த ராணுவமும் ரூபாய் நோட்டும் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"எனக்க வீட்டுக்காரி இந்த ரயிலுலயாக்கும் சிரிக்கது. வீட்டுல நான் அவள சிரிக்க விட்டதில்ல. வண்டி நிக்காட்டா அதும் போயிரும், சார்."

 அதிகாரி பேனாவைத் திறந்தார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில் மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு நடக்கையில் லீலாபாய் முன்னால் போனாள்.  சர்ச் வளைவு வந்ததும் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "அண்ணைக்கு நீங்க வண்டியில உண்டுமா?"

"உண்டு."

"எல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன். தொண்டையச் செருமுதது மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

"கூடல்ல" என்றாள் லீலாபாய். "கொறச்சுத்தான் செய்தேன்."

முடிவு அடுத்த மாதம் வந்தது. இப்போதைக்கு வண்டி நிற்கும். ஆனால் ரயில்வே இனி பிளாட்பாரம் பெருக்க ஆள் வைக்காது. ஊர்க்காரர்களே சுத்தமாக வைத்துக்கொள்ள முடிந்தால் ஹால்ட் இருக்கும், இல்லாவிட்டால் மறுபடி பார்க்கப்படும்.

"பாத்தியாலே!" என்று கொதித்தார் கிருஷ்ணன்குட்டி. "அவனுக்க வேலைய நம்ம தலையில கெட்டிட்டான். ஒரு காயிதத் துண்டுகூட நான் பெறக்க மாட்டேன்."

"பஞ்சாயத்து பாத்துக்கிடும்னு சொன்னது நான்லா, அண்ணே" என்றார் ராஜதாஸ். "நானே பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து காலை வண்டிக்கு முன்னாலேயே ராஜதாஸ் துடைப்பமும் கையுமாக வந்துவிடுகிறார். கிருஷ்ணன்குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, இது மக்களை ஏய்க்கும் வேலை என்று விளக்கிக்கொண்டிருப்பார். "காலத் தூக்குங்க அண்ணே" என்பார் ராஜதாஸ். அவரும் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்குவார். ஒருநாள் ராஜதாஸ் பல்வலியால் தாமதமாக வந்தபோது பிளாட்பாரம் பாதி பெருக்கியிருந்தது. கிருஷ்ணன்குட்டி ஒன்றும் தெரியாதவர்போல் சாயாவை ஊதிக்கொண்டிருந்தார். ராஜதாஸ் மிச்சப் பாதியைப் பெருக்கினார்.

இன்றைக்கும் வண்டி வந்து நின்றது. லீலாபாய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராஜதாஸ் டிக்கெட் அறை வாசலில் கிடந்த சருகுகளை ஒதுக்கிக்கொண்டு நின்றார். வண்டி நகரத் தொடங்கியதும் லீலாபாய் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அவரை நேராகப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி ஒரு செருமு செருமினாள்.

"க்ர்ர்ஹூம்!"

பெட்டிக்குள் சிரிப்பு வெடித்தது. ராஜதாஸும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டி வளைவு திரும்பும்வரை நின்று சிரித்தார்.